தோற்ற ஜெனரலுக்குக் காப்பகம், தோட்டத்தானுக்கு?

பிப்ரவரி 15 வந்துவிட்டால் போதும், மலாயாவில் பிரிட்டிஷ் படைத் தலைவராக இருந்த ஜெனரல் ஆர்தர் பெர்சிவலைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். 1942இல் சிங்கப்பூர் விழுந்தது அவருடைய கையாலாகாத்தனத்தாலா, சர்ச்சிலின் அலட்சியத்தாலா? எண்பது வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. மலேசியாவின் எஸ்பிஎம் தேர்வில் 2013 முதல் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடம்; அதில் எது இருக்கவேண்டும் என்று சண்டை வரும்போதும் நம்மவர்கள் ஜெனரல்களைத் தாண்டுவதில்லை.

பெர்சிவலுக்கு வக்கீல் தேவையே இல்லை. ஜப்பான் தாய்லாந்துக் கடற்கரையிலும் கோத்தா பாருவிலும் இறங்கக்கூடும் என்று 1937லேயே எழுதிக் கொடுத்தவர் அவர். சரணடைந்து, மஞ்சூரியா வரை சிறையிருந்து மீண்டார். 1948இல் அவருடைய போர் அறிக்கை லண்டன் அரசிதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு புத்தகம். அவருடைய தாள்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தோற்றவருக்கு இத்தனை மேடை!

1942 ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் உடைந்த பெர்சிவலின் படை, புக்கிட் பெருந்துங் பக்கத்துச் செரண்டாவிலும் நிற்க முடியாமல் பின்வாங்கியது. 11ஆம் தேதி கோலாலம்பூர் போயிற்று. ரோட்டோரப் பால்மரக் காட்டில் இருந்த சனத்தை யார் கேட்டார்? பெர்சிவல் பொறுப்பேற்ற அதே 1941 மே மாதம்தான், கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்மீது அரசு பட்டாளத்தை அனுப்பியது.

பிறகு ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர். மாண்ட போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்களோடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களோ 70,000க்கு மேல், பெரும்பாலோர் தமிழர். எந்த லயத்திலிருந்து எவன் போனான், எவன் திரும்பவில்லை என்பதற்கு முழுப் பட்டியல் ஏது?

படிக்காத சனம், எழுதி வைக்கவில்லை என்பார்கள் நம் பேராசிரியர்கள். சோம்பேறிப் பேச்சு. விடியுமுன் பெரட்டில் தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டு, வருகைப் பதிவேடான செக்ரோலில் குறித்தார். அரை நாள் வேலைக்கு அரைப் பேர். அரிசிக்குப் பிடித்த காசுகூட அதில் உண்டு. துரைமார் கம்பெனிகள் ஒரு நாள் கூலியைக்கூடக் கணக்கில் விட்டதில்லை. ஒரு தோட்டத்தின் 1942, 1943 செக்ரோல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காணாமல்போன பெயர்கள் தாமே தெரியும். மலாயாப் போரின் மெய்யான ஆவணம் அதுதான். பெர்சிவலின் தாள்கள் வெறும் தன்னிலை விளக்கம்.

வட சிலாங்கூரில் தோட்டம் தோட்டமாக விற்று வீடமைப்பாகிவிட்டது. ஆபீசை இடிக்கும்போது பேரேடுகள் பழைய பேப்பருக்குப் போகின்றன. தோட்டம் கைமாறினால் செக்ரோல்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்று அரசு சட்டம் போடட்டும். அதுவரை, உங்கள் தாத்தா கிராணியாக இருந்தவர் என்றால் பரண்மேல் ஏறிப் பாருங்கள். பழைய நோட்டு எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள்.