கல்யாண நாள் சாப்பாடு யாருக்கு?

இருபத்தைந்தாவது கல்யாண நாள் வருகிறது. அம்மா அப்பாவை எங்கே சாப்பிடக் கூட்டிப் போவது? இந்தக் கேள்வி ஒரு வீட்டில் எழுந்தவுடன் பிள்ளைகள் முதலில் செய்வது என்ன தெரியுமா? செல்போனை எடுத்து 'சென்னையில் சிறந்த ரெஸ்டாரண்ட்' என்று தேடுவார்கள். பத்து இடம் வரும், நட்சத்திரம் வரும், போட்டோ வரும். பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்டால் சர்ப்ரைஸ் கெட்டுப் போய்விடுமாம்!

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1999 தை மாதக் கல்யாணம். அப்பா தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர். மகள் வேலைக்குப் போய் ஒரு வருடம்தான் ஆகிறது, தம்பி இன்னும் கல்லூரியில். 2024 தையில் இருபத்தைந்து வருடம் நிறைந்தது. மகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நகரத்துக்குள் ஒரு பெரிய ஹோட்டலின் மொட்டை மாடி ரெஸ்டாரண்டில் நாலு பேருக்கு டேபிள் புக் செய்தாள். மொட்டை மாடி, மெழுகுவர்த்தி, கீழே ஊர் முழுக்க விளக்கு. போட்டோவில் பிரமாதமாக இருந்தது.

போட்டோவில் தெரியாத ஒன்று தைப் பனி. உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். சென்னைக்காரர்களுக்குப் பனி ஒரு குளிரா என்று கேட்காதீர்கள், சைனஸ் இருப்பவரைக் கேளுங்கள். அடுத்தது மெனு. அட்டை கிடையாது, மேசையில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றிப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் எதிரே இருக்கும் மனைவியின் முகமே சரியாகத் தெரியவில்லை, இதில் மெனு எங்கே படிப்பது! கடைசியில் மகள் தன் போனில் படித்துக் காட்டினாள். அம்மா எட்டிப் பார்த்தது இடது பக்கத்தை இல்லை, வலது பக்கத்தை. "எனக்குப் பசியே இல்லம்மா. ஒரு சூப்பு மட்டும் போதும்" என்றார்.

நடுத்தர வர்க்கத்து அம்மாக்களின் "பசியே இல்ல" என்பதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரிசொட்டோ என்று ஒன்று வந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "நம்ம வீட்டுல சாதம் இப்படிக் குழைஞ்சா உங்கப்பா தட்டைத் தள்ளி வெச்சிடுவார்" என்றார். அப்பா சிரித்தார். அன்று ராத்திரி எல்லோரும் மனசு விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு நாலு பணியாளர்கள் கேக்கோடு வந்து கை தட்டிப் பாட, அக்கம்பக்கத்து மேசையில் எல்லாம் திரும்பிப் பார்க்க, அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகள் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பத்தரை மணிக்கு அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, சமையலறைத் தரையில் இரண்டு பேரும் மோர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பேசிக்கொண்டு, ரொம்ப சந்தோஷமாக.

மகள் அன்று அழுதாள். இதைப் படித்துவிட்டு 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பந்தா' என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவளுக்குப் பந்தா இல்லை. இருபத்தைந்து வருடம் ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாதவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. கொடுத்தது தனக்குப் பிடித்த இடம் என்பதுதான் சிக்கல்.

சரி, அப்படியென்றால் பக்கத்தில் ஒரு பவனுக்குக் கூட்டிப் போய் நெய் ரோஸ்ட்டும் காபியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? இப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. 'அவங்களுக்கு இதெல்லாம்தான் பிடிக்கும்' என்பார்கள். இதில் பாதி அக்கறை, பாதி கஞ்சத்தனம் :-) அம்மாவுக்கு எளிமைதான் பிடிக்கும் என்று முடிவு கட்டுவதும் அவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவுதானே? ஸ்டார் ஹோட்டல் நாற்காலியில் சாய்ந்து உட்கார அவருக்கும் ஆசை இருக்கலாம். நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் சதர்ன் ஸ்பைஸ் என்று ஒன்று இருக்கிறது. முழுக்கத் தென்னிந்தியச் சாப்பாடு. பெயர் தெரிந்த பதார்த்தம், பெரிய இடம், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். ஆகவே காசு அதிகமா குறைவா என்பது இரண்டாவது விஷயம். உட்காருகிறவருக்குக் கூச்சம் இல்லாமல் இருக்குமா, மெனு படிக்க முடியுமா, தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருமா, முழங்கால் வலிக்கு லிப்ட் இருக்கிறதா, ஒரு பதார்த்தமாவது தெரிந்த பெயரில் இருக்கிறதா... இதையெல்லாம் எந்த நட்சத்திரக் குறியும் சொல்லாது. முன்னாடியே ஒரு நாள் நேரில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயம் என்றாலும் காசைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. காமர்ஸ் படிக்கிறவர்களே பில்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் காலம் இது. அந்த மொட்டை மாடியில் சாப்பாட்டு விலை மட்டும் 6,000 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 600. இரண்டையும் சேர்த்து அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,188. ஆக மொத்தம் 7,788. அதே 6,000 ரூபாய்க்குத் தனியாக இருக்கும் ஒரு ரெஸ்டாரண்டில் சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் சாப்பிட்டிருந்தால் 6,300-தான். 2017 நவம்பர் முதல் சாதாரண ரெஸ்டாரண்டுக்கு 5 சதவீத வரி, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டுக்குத்தான் 18. (அங்கே உள்ளீட்டு வரி வரவு உண்டு, இங்கே கிடையாது. பரீட்சைக்கு வரும்!) இட்லி எங்கே வெந்தது என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது.

அந்தச் சர்வீஸ் சார்ஜ் கதை இன்னும் வேடிக்கை. கேட்காமலேயே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் கொடுத்தது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் ஆணையத்தின் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிடித்திருந்தால் நீங்களாகக் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. ஆனால் கல்யாண நாள் அன்று, அப்பா அம்மா எதிரில், மேனேஜரைக் கூப்பிட்டு 600 ரூபாய்க்கு யார் வாதாடுவார்கள்? ஆகவே டேபிள் புக் செய்யும்போதே போனில் கேட்டுவிடுவது நல்லது. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் இன்னும் நல்லது. அன்று பில் வைத்த தோல் உறையை அப்பாதான் முதலில் பிடுங்கினார். 7,788-ஐப் பார்த்த பிறகு அவர் வீடு வரும்வரை அதிகம் பேசவில்லை.

பழைய இடத்துக்கே கூட்டிப் போவது என்று ஒரு வழி உண்டு. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் முதன்முதலாகப் போன இடம். ஆனால் சென்னையில் அது எளிதில்லை. இவர்கள் போனது கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கார்க் கதவிலேயே தட்டு வைத்துப் பரிமாறும் இடத்துக்கு ஸ்கூட்டரில் போய், மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ரவா தோசை சாப்பிட்டிருக்கிறார்கள். 1962-ல் தொடங்கிய அந்த இடம் 2008-ல் மூடப்பட்டது. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. மரம் இருக்கிறது, தோசை இல்லை. எல்லாம் போய்விடவில்லை, திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி முழுகச் சாம்பார் ஊற்றுகிறார்கள், மவுண்ட் ரோடு புகாரி 1951-லிருந்து இருக்கிறது. ஆனால் ஒருவருக்குப் பழைய இடம் என்பது அடுத்தவருக்கு வெறும் கூட்டமும் இரைச்சலும்தான். அந்த இடம் எது என்று கூகுளுக்குத் தெரியாது.

இந்த உட்லண்ட்ஸ் கதையே மகளுக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது. 2025 தை வருவதற்கு முன் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், "இந்தத் தடவை எங்கம்மா போலாம்?" அப்பா புகாரி என்றார், எட்டு வருடமாக பிரியாணி பக்கம் போகவில்லையாம், சர்க்கரை. அம்மா கொஞ்ச நேரம் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபித்துக்கொள்ள மாட்டாயே என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருங்களேன். நானும் அப்பாவும் மட்டும் போயிட்டு வர்றோம்."

மகள் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினாள். எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று இதுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. பதினொன்றரைக்குத்தான் வந்தார்கள். அம்மா தலையில் புதுப் பூ இருந்தது.