கயிறு யாருடைய செலவு?

யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் நிற்கிற மரத்தைத் தறிக்க ஆள் கூப்பிட்டால், முதலில் நடக்கிறது பேரம்தான். "ஒரு கொப்புத்தானே, என்னண்ணை இவ்வளவு சொல்லுறியள்?" என்று தொடங்கி, சொன்ன கூலியில் கொஞ்சமாவது குறைத்தால்தான் எங்களுக்குத் திருப்தி. அப்படிக் குறைக்கிற காசு எங்கேயிருந்து போகிறது? பெற்றோலில் குறைக்க ஏலாது. கூட வருகிற பெடியனின்ரை சம்பளத்திலும் குறைக்க ஏலாது. தள்ளிப்போடக்கூடியது ஒன்றுதான்: புதுக் கயிறும் புதுச் செயினும்.

மெஷின் வாளை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினால் வெட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்கிற எங்களுக்குத் தெரியும். வெட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலை கண்ணில் படுவதில்லை. செயினின் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் ஒரே கோணத்தில் ராவ வேண்டும். ஒரு பக்கம் கூர், மற்றப் பக்கம் மொட்டை என்றால் வாள் வளைந்து போகும். கூரான செயின் மரத்தைச் சீவலாகத் தள்ளும், மொட்டையான செயின் மாவாகக் கொட்டும். மாவாகக் கொட்டத் தொடங்கினால் ஆள் வாளை அமத்தி வெட்ட வேண்டிவரும். கை களைக்கும், பிடி தளரும். பாரின் நுனி ஏதாவது கொப்பில் தட்டினால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அந்த நேரத்தில் செயினை நிறுத்துகிறது முன்னால் இருக்கிற பிரேக். அது வேலை செய்யுதா என்று தினமும் பார்க்க வேண்டும். பெற்றோலில் 2ரி ஒயில் குறைந்தால் பிஸ்ரன் இறுகிவிடும். பாருக்கு விடுகிற ஒயிலுக்குப் பதிலாக வாகனத்தில் கழற்றின பழைய ஒயிலை விட்டால் பார் வேகமாகத் தேயும்.

எங்கட மரங்களும் லேசுப்பட்டவை இல்லை. பனை வைரம் செயினைக் கெதியாய் மொட்டையாக்கும். வேலியில் நிற்கிற பூவரசுக்குள் பழைய ஆணியும் முள்ளுக்கம்பியும் புதைந்து கிடக்கும். சண்டை நடந்த இடங்களில் மரத்துக்குள் செல் துண்டும் சன்னமும் இருக்கும். மேல் பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியில் ஒன்றும் தெரியாது. வாள் அதில் பட்டால் ஒரு நொடியில் பல் போய்விடும். அந்தச் செயினின் விலை கூலிப் பேச்சில் வருவதே இல்லை. போர் முடிந்தது 2009இல். அதன் செலவை இன்றும் தன் பொக்கற்றிலிருந்து கட்டுகிறவர்களில் மரம் தறிக்கிறவரும் ஒருவர்.

கயிறு இதைவிட மோசம், ஏனென்றால் அது பழுதாகிறது வெளியில் தெரியாது. நைலோன் கயிறு வெயிலில் கிடந்தால் பலம் குறையும். மண் உள்ளுக்குப் போனால் இழைகளை அராவி அறுக்கும். பற்றரி அசிட் பட்டாலும் கெடும். லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குள் வாள், கத்தி, கான் எல்லாவற்றோடும் கயிற்றையும் சுருட்டி எறிந்தால் அதுக்கு ஆயுள் எவ்வளவு? பாரமான கொப்பை இறக்கின கயிற்றில் ஆள் தொங்கக் கூடாது, இரண்டும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஆனால் வேறுவேறு கயிறு என்றால் இரண்டு மடங்கு காசு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறின பிறகு, இறக்குமதியாகிற செயினுக்கும் பாருக்கும் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கப் பொருளியல் படிக்கத் தேவையில்லை.

"அது அவையின்ரை சாமான், அவைதான் பாக்கோணும். அவைக்குக் கவனம் காணாது" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கட ஊரில் கருவியைக் கவனிக்கிற பழக்கத்தைச் சீவல் தொழிலாளியிடம்தான் படிக்க வேண்டும். பாளைக்கத்தியைத் தீட்டாமல், தளநாரைப் பார்க்காமல் அவர் பனையில் ஏறுவதில்லை. ஆனால் மரம் ஏறுகிறதைச் சாதியோடு சேர்த்துக் கட்டி வைத்த சமூகம் இது. அதனால் அந்தக் கவனத்தை நாங்கள் ஒரு அறிவாக எண்ணவே இல்லை. அறிவென்று எண்ணாத ஒன்றுக்கு எப்படிக் காசு குடுப்போம்?

சட்டமும் மரத்தைத்தான் முதலில் பார்த்தது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். நல்ல சட்டம், அது இருக்கட்டும். மரத்துக்கு ஒரு கடதாசி இருக்கிற நாட்டில், அதில் ஏறுகிறவரின் கயிற்றைப் பற்றிக் கேட்க ஒருவராவது வேண்டாமா?

பெரிய திட்டம் ஒன்றும் நான் கேட்கவில்லை. கூலி பேசும்போது "செயின், கயிற்றுச் செலவு எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கோ. அந்தத் தொகையில் பேரம் பேசாதேங்கோ. மரத்தில் எங்கே ஆணி அடித்தது, எங்கே கம்பி கட்டினது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், அதை வேலை தொடங்க முதலே சொல்லுங்கோ. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே எங்கட ஊர்களில் இருக்கின்றன. கயிறு, அரம், தலைக்கவசம் போன்றவற்றை மொத்தமாக வாங்கி, மரம் தறிக்கிறவர்களுக்குத் தவணைக் காசுக்குக் குடுக்க அவற்றால் ஏலும்.

இன்னொன்று. காலமை வந்தவுடன் அவர் வாளை மடியில் வைத்து அரை மணித்தியாலம் அரம் பிடித்துக்கொண்டிருந்தால், "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்காதேங்கோ. அவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.