நாள் தள்ளிப்போகும் முன்னே...



நம் ஊர்ப்பக்கம் கல்யாணம் முடிந்த மறுமாசமே ஒரு விசாரணை ஆரம்பமாகிவிடும். "என்ன, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று தண்ணிக் குழாயடியில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், கோயில் வாசலில் கூடக் கேட்பார்கள். ஆனால் "ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட ஆரம்பிச்சாச்சாம்மா?" என்று ஒரு புதுப்பெண்ணிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

ஆசிட் என்றதும் நம் லேப் ஞாபகம் வந்து பயந்துவிட வேண்டாம். இது ஒரு வைட்டமின். பி வகையில் ஒன்பதாவது. உடம்பில் புதுசாக செல்கள் உண்டாக இது வேண்டும். இதன் கதை ஆரம்பித்ததே நம் நாட்டில்தான். லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, மில் வேலைக்குப் போகும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931-ல் அதை வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. 1941-ல் கீரையிலிருந்து பிரித்து எடுத்தபோது, இலை என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார்கள்.

சரி, கர்ப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மெக்கானிக்கல் மாணவன் பாஷையிலேயே சொல்கிறேன். ஷீட் மெட்டல் ஷாப்பில் ஒரு தகட்டை உருட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் குழாய் செய்கிறோம் அல்லவா? வயிற்றில் உள்ள கருவிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஒரு தகடு போன்ற பகுதி மடிந்து, இரண்டு ஓரமும் சேர்ந்து குழாயாகிறது. நரம்புக் குழாய் என்று பெயர். அதுதான் பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டையும் முழுதாக உருவாகாது; அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகில் திறப்போடு பிறக்கும். கால் விளங்காமல் போகலாம், சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம். நம் நாட்டில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆயிரம் பிறப்புக்கு சுமார் 4 குழந்தைகளுக்கு இந்தக் குறை இருக்கிறது.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். அந்தக் குழாய் மூடி முடிவது, கரு உண்டாகி 28 நாளுக்குள். கரு உண்டாகி ஏறக்குறைய 14 நாள் கழித்துத்தான் மாதவிலக்கு வரவேண்டிய தேதி. அன்று வரவில்லை என்றால் "சரி, நாள் தள்ளிப் போயிருக்கு, இன்னும் பத்து நாள் பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் பத்து நாளில் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். பிறகு மாமியாரிடம் சொல்லி, நர்ஸம்மாவிடம் பதிந்து, மாத்திரை கைக்கு வரும்போது இரண்டு மாசமோ மூன்று மாசமோ ஆகியிருக்கும். வெல்டிங் விட்டுப்போன குழாய்க்குப் பெயின்ட் அடித்து என்ன பயன்? பிறகு தரும் இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகைக்கு அவசியம்தான், அதை நிறுத்தவே கூடாது. ஆனால் அந்தக் குழாயை அது மூடாது.

இது வெறும் யூகம் இல்லை. 1991-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 7 நாடுகளில் 33 இடங்களில், ஏற்கனவே இந்தக் குறையுள்ள குழந்தை உண்டான பெண்களிடம் நடத்தினார்கள். கரு உண்டாகும் முன்பிருந்தே பாதிப்பேருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள், மீதிப்பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களில் 6 குழந்தைகளுக்குக் குறை, கொடுக்காதவர்களில் 21 குழந்தைகளுக்குக் குறை. முடிவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: குழந்தைக்கு முயற்சி செய்யும்போதிருந்தே, 12 வாரம் வரை, தினம் 400 மைக்ரோகிராம். 2018-ல் வந்த நம் மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டமும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போடச் சொல்கிறது. காகிதத்தில் திட்டமாக இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வரவில்லை, அதுதான் குறை.

"ஸ்கூல்ல நீல மாத்திரை கொடுத்தாங்களே, அது போதாதா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. நீல மாத்திரையில் 500 மைக்ரோகிராம், அதுவும் வாரம் ஒன்று. தேவையோ நாளைக்கு 400, அதாவது வாரத்துக்கு 2800. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கீரை, பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு, கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் வெந்து, வடித்து, தண்ணியைக் கொட்டும்போது அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் சாப்பாட்டோடு மாத்திரையும் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா காட்டு வேலை. அண்ணி மூன்றாம் மாசத்தில் வாங்கி வந்த சிவப்பு மாத்திரையை அம்மா என்னிடம்தான் நீட்டினார்கள். "இதைப் போட்டா புள்ள கறுப்பாப் பொறக்குமாமே, மெய்யாடா?" என்று கேட்டார்கள். இல்லை என்று விளக்கினேன். அம்மா நம்பினார்கள், ஏனென்றால் சொன்னது படிக்கிற பிள்ளை. இந்த நம்பிக்கை நம் ஒவ்வொருவருக்கும் வீட்டில் இருக்கிறது. டிப்ளமோ வேலைக்கு மட்டுமா?

எங்கள் தெருவில் முதுகில் கட்டியோடு ஒரு குழந்தை பிறந்தது. "கிரகணத்துல வெளிய போயிருப்பா" என்று தாயைத்தான் சொன்னார்கள். தோழர்களே, இந்தப் பழியைத் தூக்கிப் போடத்தான் நான் எழுதுகிறேன். ஆனால் கிரகணத்தை எடுத்துவிட்டு, "மாத்திரை போடலை, அதான்" என்று புதுப் பழி போடுவதும் தப்பு. மாத்திரை போட்டும் சில குழந்தைகளுக்கு இந்தக் குறை வருவதுண்டு. அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை என்றால் குற்றம் யாருடையது?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, நம் மாணவர் பேரவை வருஷத்துக்கு ஒரு நாள் அரசு டாக்டர் ஒருவரை அழைத்து, ஆண் பெண் இருபாலருக்கும் சேர்த்தே இதைப் பேச வைக்க வேண்டும். இரண்டு, கல்யாண லிஸ்டில் பந்தல், பத்திரிகை, சீர்வரிசையோடு இந்த மாத்திரையும் சேர வேண்டும். ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு டீ விலைகூட ஆகாது. எவ்வளவு அளவு என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். முன்பே இந்தக் குறையுள்ள குழந்தை உண்டானவர்களுக்கும், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அளவு வேறு. மூன்று, ஆண்களே, இதை வாங்கி வருவது நம் வேலை. புதுப்பெண் தானாக மருந்துக்கடைக்குப் போய்க் கேட்க எத்தனை வீட்டில் விடுவார்கள்?

இன்னும் நாலைந்து வருஷத்தில் நம்மில் பலர் கல்யாணப் பத்திரிகையோடு வருவோம். நம் அக்கா, அண்ணிகளுக்கோ அதற்கு முன்பே தேவைப்படும். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வீட்டிலாவது சொல்லுங்கள்: நாள் தள்ளிப்போன பிறகு அல்ல, அதற்கு முன்னே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்