டொலோறஸை ஏன் அட்டையில் நிறுத்துகிறீர்கள்?

விளாடிமிர் நபகோவின் 'லொலிற்றா' என்று தேடிப்பாருங்கள். இதய வடிவச் சிவப்புக் கண்ணாடி, பள்ளிக்கூடச் சப்பாத்துப் போட்ட கால்கள், உதடுகள், குட்டைப் பாவாடை என்று வரிசையாக வந்து விழும். இவற்றை வடிவமைத்தவர்களில் எத்தனை பேர் நாவலை வாசித்தார்கள் என்பதே எங்கள் சந்தேகம்.

1955 இல் பரிஸில் ஒலிம்பியா பிரெஸ் இதை இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது அட்டை வெறும் பச்சை. எழுத்துகள் மட்டும்தான். 1958 இல் அமெரிக்கப் பதிப்பு வர முன்னரே நபகோவ் பதிப்பாளருக்கு எழுதிவிட்டார்: தெளிந்த நிறங்கள் வேணும், கரையும் மேகங்கள் வேணும், மழைக்குப் பிறகு சில்லுத் தடங்களில் வெளிச்சம் தேங்கிய ஒரு வீதி வேணும், சிறுமி மட்டும் வேண்டாம். புட்னம் பதிப்பும் எழுத்துகளோடே வந்தது.

பிறகு 1962 இல் ஸ்ரான்லி குப்ரிக்கின் படம். விளம்பரத்துக்காக பேர்ட் ஸ்ரேர்ன் எடுத்த நிழற்படங்களில் நடிகை சூ லயன் இதயக் கண்ணாடி போட்டிருந்தார். பகிடி என்னவென்றால், படத்துக்குள் அந்தக் கண்ணாடி வருவதே இல்லை. நாவலிலும் இல்லை. போஸ்ரருக்காகப் போட்ட ஒரு கண்ணாடிதான் இண்டைக்கு அந்த நாவலின் முகம்.

பிறகு வந்த வின்ரேஜ் பதிப்பொன்றில் கால்கள் மட்டும். 2005 இல் ஐம்பதாவது ஆண்டுப் பதிப்பில் உதடுகள் மட்டும். ஒரு பிள்ளையைத் துண்டுதுண்டாகப் பார்ப்பது கதைசொல்லி ஹம்பேர்ட்டின் வேலை. அதைப் பதிப்பகம் ஏன் எடுத்துச் செய்யுது? நூற்றாண்டின் நம்பத்தக்க ஒரே காதல் கதை என்று ஒரு சஞ்சிகை சொன்ன பாராட்டையும் அட்டையில் அச்சடித்தார்கள். காதல் கதையாம்!

அந்தப் பிள்ளைக்கு 12 வயது. பெயர் டொலோறஸ் ஹேஸ், பள்ளிக்கூடத்தில் டொலி. 'லொலிற்றா' அவன் வைத்த பெயர். அவளை நெருங்குவதற்காகவே தாயைக் கட்டுகிறான். தாய் செத்த பிறகு மோட்டல் மோட்டலாக இழுத்துக்கொண்டு திரிகிறான். அவள் இரவில் அழுவதை அவனே எழுதியும் வைக்கிறான். 17 வயதில் பிள்ளைப்பேற்றில் செத்துப்போகிறாள். இதில் மினுக்கி எங்கே இருக்கிறாள்? ஆனால் ஆங்கில அகராதிகளில் அந்தப் பெயருக்கு ஆண்களை மயக்கும் சிறுமி என்று பொருள் ஏறிவிட்டது.

"அட்டை ஹம்பேர்ட்டின் பார்வையைக் காட்டுது, அது எள்ளல்" என்று எங்களில் சிலரே வாதாடினார்கள். வாசித்து முடித்தவருக்கு அது எள்ளலாக இருக்கலாம். கடையில் புத்தகத்தைத் தூக்கிப் பார்க்கிறவர் இன்னும் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லையே! நாவலுக்குள் அவனுடைய பொய்யில் வெடிப்புகள் உண்டு, அவற்றினூடே அவளுடைய குரல் கசியும். அட்டையில் வெடிப்பே இல்லை, அவன் சொன்னதுதான் முடிவு. நபகோவ் வேண்டாம் என்றதற்காக நாங்கள் இதைச் சொல்லவில்லை. எழுத்தாளர் கேட்டதெல்லாம் வேதவாக்கு இல்லை. இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி, அவ்வளவுதான்.

2013 இல் ஜோன் பேர்ட்ரமும் யூரி லெவிங்கும் பல வடிவமைப்பாளர்களிடம் புதிய அட்டைகள் செய்வித்து ஒரு நூலே கொண்டுவந்தார்கள். சிறுமி இல்லாமலும் இந்த நாவலுக்கு அட்டை செய்யலாம் என்பதற்கு அதில் உதாரணங்கள் இருக்கு. பிறகும் கடைகளில் கிடப்பது அந்தக் கண்ணாடிதான்.

எங்கள் பிரதிக்குக் கொப்பிக்குப் போடுகிற மண்ணிறத் தாளால் உறை போட்டிருக்கிறம். மேலே பேனையால் 'டொலோறஸ் ஹேஸ்' என்று எழுதிக் கிடக்கு. வாசிக்க விரும்புகிறவர்கள் கேட்டு வாங்கலாம்.