ஆளற்ற பள்ளியும் நம் கடமையும்

விளாங்குடியிலிருந்து வையையைக் கடந்து தென்மேற்கே சில கல் தொலைவு சென்றால் கீழக்குயில்குடிச் சமணமலையை அடையலாம். அங்குப் பேச்சிப்பள்ளத்தில் எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றிற்கு மேலே, மாதேவிப் பெரும்பள்ளி என அறிஞர் குறிக்கும் கட்டடத்தின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. கி.பி. 10ஆம் நூற்றாண்டை ஒட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குணசேனதேவர் என்னும் ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கரையும் பெயர் சுட்டுகின்றன. ஆசானும் மாணாக்கரும் வாழ்ந்த அவ்விடம் இன்று ஆளற்றுக் கிடக்கிறது.

துறவியர் உறைந்த இடம் பள்ளி. சிறார் பயிலும் இடமும் பள்ளி. நாம் தொழும் இடம் பள்ளிவாசல். நமக்கு முன்பே இச்சொல்லைக் கல்லில் பொறித்தவர் சமணர். ஆதலின், அப்பாழிடத்தைப் பிறர் உடைமையென எண்ணி ஒதுங்குவது தமிழ் கற்றோர்க்கு அழகன்று. வழிபடுவோர் இல்லாத வழிபாட்டிடத்திற்கு அண்டை அயலாரே காவலர்.

தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். சட்டம் மலையைக் காக்கலாம். சிற்பத்தின் மீது தன் பெயரைக் கீறத் துணியும் கையைத் தடுப்பது கல்வியே. எனவே, தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் வட்டெழுத்தைப் படிக்கப் பழகுதல் வேண்டும் என்பதே எம் கருத்து. அவ்வெழுத்தைப் படித்தறிந்தவர் அதன்மேல் கீறத் துணியார். கீறுவாரைக் கண்டு வாளா இருக்கவும் மாட்டார்.