வாடகையில் மிச்சம், முதலுக்கு மோசம்!

"ஒரே இடத்தில் வாங்கு, ஒரே லாரியில் ஏற்று, வாடகை குறையும்!" ஆலை நடத்துவோர் நாள்தோறும் ஓதிவரும் மந்திரம் இது. கணக்கில் பிழையில்லை. லாரி வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 பெட்டி ஏற்றினால் பெட்டிக்கு 20 ரூபாய். அதையே இருவரிடம் பாதிபாதியாக வாங்கி, இரண்டு லாரிகளை அரைச்சுமையோடு ஓட்டினால் பெட்டிக்கு 40 ரூபாய்! ஆகவே, சரக்குக் கொடுக்க ஒருவரே போதும் என்கிறார்கள்.

போதுமா, தோழர்களே? ஜப்பானைப் பாருங்கள்!

1997 பிப்ரவரி 1-ஆம் நாள், கரியா நகரில், ஐசின் கம்பெனியின் ஆலையில் தீ! டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய சிறு வால்வு, ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். விளைவு? கைக்குள் அடங்கும் ஒரு பொருள் இல்லாமல், உலகப் புகழ்பெற்ற கார் ஆலைகள் ஓய்ந்து நின்றன! தையல் இயந்திரம் செய்யும் கம்பெனி உட்படப் பலர் கைகொடுத்து வால்வு செய்து தந்தார்கள். சில நாட்களில் வேலை மீண்டும் நடந்தது.

பலராலும் செய்ய முடியும் என்பது, தீப்பிடித்த பிறகுதானா தெரிய வேண்டும்?

"இரட்டை வாடகையை யார் கொடுப்பது?" என்று கேட்பார்கள். யாரும் கொடுக்க வேண்டாம்! அதற்கு வழி, அதே டொயோட்டா கையாளும் முறையிலேயே இருக்கிறது. ஒரே லாரி பல பட்டறை வாசல்களில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நிறைசுமையோடு ஆலைக்கு வருகிறது. பால் வண்டிச் சுற்று என்றே அதற்குப் பெயர். நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்க வண்டி, ஊர் ஊராய்க் கேன் ஏற்றிச் செல்கிறதே, அதே முறைதான்! ஒரு வீட்டுப் பசு கறக்காவிட்டாலும் வண்டி வெறுமனே திரும்புவதில்லை.

பட்டறைகள் அருகருகே இருந்தால் இது கைகூடும். கடல் கடந்து இருந்தால்? கூடுதல் வாடகை கொடுத்தேனும் ஒரு பங்கை இரண்டாமவரிடம் வாங்கத்தான் வேண்டும். அது வீண்செலவல்ல, இன்ஷூரன்ஸ் கட்டுவது போல!

இதில் நமக்கென்ன அக்கறை? ஆலை நின்றால் முதலாளிக்கு இலாபம் தள்ளிப்போகும். நாட்கூலிக்காரன் வீட்டிலோ அன்றே உலை கொதிக்காது! வாடகைக் கணக்கு எழுதும்போது அந்த உலையையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறோம்!