ஒப்பந்தப்புள்ளியும் ஒடுக்கப்பட்டோர் உரிமையும்

தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவர் சிரில் இராமபோசா 2024 சூலைத் திங்களில் பொதுக்கொள்முதல் சட்டத்திற் கையொப்பமிட்டதிலிருந்து அந்நாட்டின் பழைய வழக்கொன்று புதிதாய்த் தலைதூக்கியுள்ளது. அரசு தனக்கு வேண்டும் பொருளை யாரிடம் வாங்கல் வேண்டும்? குறைந்த விலைக்குத் தருவோரிடம் மட்டுமா? அன்றி, தலைமுறை தலைமுறையாக நிலமும் தொழிலும் பறிக்கப்பட்டுக் கிடந்தோர்க்கு அவ்வணிகத்தில் ஒரு முன்னுரிமை தரல் வேண்டுமா? தரல் வேண்டும் என்பாரும் தந்தால் நாடு கெடும் என்பாருமாக இருசாரார் நின்று பூசலிடுகின்றனர். இப்பூசலில் தமிழர்க்கு என்ன வேலை என்று கேட்பார் உளரேல், அவர் தர்பன் நகரை மறந்தவர் என்க.

1860-இல் சென்னையினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் தர்பன் துறையில் இறக்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் கொடிவழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். 1911 வரை அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருட் பெரும்பகுதியினர் சென்னைத் துறையின் வழியே சென்றோர். தென்னாப்பிரிக்கச் சட்டம் 'கறுப்பர்' என்னும் சொல்லுக்குத் தரும் பொருளில் ஆப்பிரிக்கரும் கலப்பினத்தாரும் இந்திய வழியினரும் அடங்குவர். ஆகலின் இச்சட்டத்தின் நன்மையும் தீமையும் நேரே அத்தமிழர்தம் வாயிற்படியில் வந்து நிற்கின்றன.

குறைந்த விலை ஒன்றே முறை, நிறம் பார்த்தல் முறைகேடு என்று இன்று உரத்துப் பேசுவோர், வெள்ளையர் ஆட்சியில் அரசு என்றைக்கேனும் நிறம் பாராது நடந்ததுண்டா என்பதற்கு விடை கூறல் வேண்டும். 1911-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திறன்வேலைகளை வெள்ளையர்க்கென வேலியிட்டு வைத்தது. 1913-ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் அம்மண்ணின் மக்கட்கு விட்டது. 1936-இல் அது 13 விழுக்காட்டளவுக்கு உயர்த்தப்பெற்றது. 1924-க்குப் பின் 'நாகரிக உழைப்பு' என்னும் அழகிய பெயரால் தொடர்வண்டித் துறையிற் கறுப்பரை விலக்கி ஏழை வெள்ளையரை அமர்த்தினர். 1950-இல் வந்த குழுவட்டாரச் சட்டம் இந்திய வழி வணிகரை அவர்தம் கடைத்தெருக்களினின்று பெயர்த்தெறிந்தது.

இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது ஆப்பிரிக்கானர் எழுந்த வரலாறு. ஆங்கில முதலாளியர்க்குக் கீழ்ப்பட்டு, தம் மொழியும் மதிப்பிழந்து கிடந்த அம்மக்கள், 1918-இல் சான்லாம் என்னும் காப்பீட்டு நிறுவனத்தையும் 1934-இல் வோல்க்சுகாசு என்னும் வைப்பகத்தையும் தமக்கெனக் கண்டனர். 1925-இல் ஆப்பிரிக்கான மொழி ஆட்சிமொழியாயிற்று. 1939-இல் புளூம்பொண்டீன் நகரில் பொருளியல் மாநாடு கூட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தம்மினத்தார் தொழில்களில் இடுவதெனத் துணிந்தனர். 1948-இல் ஆட்சி கைக்கு வந்ததும், அரசின் கணக்குகளும் நகராட்சிகளின் கணக்குகளும் அவ்வைப்பகத்தை நோக்கி நகர்ந்தன; அரசு ஒப்பந்தங்கள் ஆப்பிரிக்கானர் நிறுவனங்களை நோக்கித் திரும்பின. மொழியை மீட்ட இனம் கடைத்தெருவையும் மீட்டாலன்றி நிமிர இயலாது என்பதை அவர் நன்கறிந்திருந்தனர். அவ்வறிவு பாராட்டத்தக்கதே. அதே அரசுக் கருவியைக் கொண்டு பிறரை மிதித்ததும், 1976-இல் சொவேட்டோப் பள்ளிப் பிள்ளைகள்மேல் தம் மொழியைத் திணித்து, எதிர்த்த பிள்ளைகளைச் சுட்டதும் எந்நாளும் பாராட்டத்தக்கன அல்ல.

1994-இல் ஆட்சி மாறியது. 1996-இல் இயற்றப்பெற்ற அரசமைப்பின் 217-ஆம் பிரிவு, அரசு வாங்குதல் முறையானதாகவும் ஒப்புரவுடையதாகவும் வெளிப்படையாகவும் போட்டியுடையதாகவும் செலவுக்கேற்ற பயன் தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்றது. ஒதுக்கிவைக்கப்பட்டோரைக் காக்கவும் முன்னேற்றவும் முன்னுரிமை காட்டலாம் என்றும் உடன் சொல்லிற்று. 2000-இல் வந்த முன்னுரிமைக் கொள்முதல் சட்டம் அதற்கோர் அளவுகோல் வகுத்தது.

அவ்வளவுகோலை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தாற் கூச்சலிற் பாதி அடங்கிவிடும். மொத்தம் 100 மதிப்பெண். 2017-இல் வகுத்த வரம்பின்படி, 5 கோடி இரேண்டு (இரேண்டு என்பது அந்நாட்டு நாணயம்) வரையுள்ள ஒப்பந்தங்களில் விலைக்கு 80, முன்னுரிமைக்கு 20. அதற்கு மேற்பட்டவற்றில் விலைக்கு 90, முன்னுரிமைக்கு 10. மிகக் குறைந்த விலை குறித்தவர் விலைக்குரிய மதிப்பெண் முழுவதையும் பெறுவார். பிறர் அதனினும் எத்துணை விழுக்காடு கூட்டிக் குறிக்கின்றனரோ அத்துணை விழுக்காட்டு மதிப்பெண்ணை இழப்பர். ஒரு பள்ளிக் கட்டடத்திற்கு ஒருவர் 100 இலக்கம் குறிக்கின்றார் என்று கொள்க; அவர்க்கு முன்னுரிமை மதிப்பெண் ஒன்றுமில்லை. மற்றொருவர் 110 இலக்கம் குறிக்கின்றார். முன்னுரிமை 20-ஐயும் பெறுகின்றார். முன்னவர்க்கு 80. பின்னவர்க்கு விலையில் 72, முன்னுரிமையொடு 92. ஒப்பந்தம் பின்னவர்க்கே. அவரே 125 இலக்கம் குறித்திருப்பின் இருவரும் 80-இல் ஒத்து நிற்பர். அதற்கு மேல் ஒரு காசு கூட்டினும் பின்னவர் தோற்பார். பெரிய ஒப்பந்தங்களிலோ இவ்வெல்லை 11 விழுக்காட்டளவில் முடிந்துவிடுகின்றது. இதுவும் எதிரில் நிற்பவர்க்கு முன்னுரிமை மதிப்பெண் ஒன்றுமே இல்லாதவிடத்துத்தான். 1652-இல் வெள்ளையர் குடியேறிய நாள்தொட்டு நடந்த பறிப்புக்கு அரசு தரும் ஈடு இவ்வளவே. இதற்கா இத்துணை ஓலம்?

2017-இல் நிதியமைச்சர் வெளியிட்ட விதிமுறைகள் இதனினும் ஒருபடி மேலே சென்றன. குறித்த தரநிலை இல்லாத நிறுவனம் போட்டிக்கே வரவியலாதபடி அரசு உறுப்புகள் முன்தகுதி வைக்கலாம் என்றன. 3 கோடி இரேண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், இயலுமிடத்து, 30 விழுக்காட்டுப் பணியைச் சிறிய கறுப்பர் நிறுவனங்கட்குத் துணையொப்பந்தமாக விடல் வேண்டும் என்றும் கூறின. எழுதியோர் நோக்கம் நன்று. நடந்ததோ வேறு. குவாசூலு-நத்தால் மாநிலத்தில் தொடங்கி, "எங்கள் 30 விழுக்காடு எங்கே?" என்று கேட்டுக் கட்டுமான இடங்களிற் படைக்கலத்தொடு புகுந்து வேலையை நிறுத்தும் கும்பல்கள் புறப்பட்டன. சட்டத்தில் இருந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதன் உயிரை விட்டுவிட்டனர்.

இவ்விதிமுறைகளை எதிர்த்து வழக்காடியது ஆப்பிரிக்கானர் வணிகரிடையே வேர்கொண்ட ஆப்ரிபிசினசு என்னும் அமைப்பு. பின்னர் அது சாக்கலீகா எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2022 பிப்ரவரியில் அரசமைப்பு வழக்குமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அவ்விதிமுறைகளைச் செல்லாதனவாக்கியது. முன்னுரிமைக் கொள்கையைத் தீர்மானிக்க வேண்டுவது ஒவ்வோர் அரசு உறுப்புமே என்றும், அமைச்சர் தம் வரம்பைக் கடந்தார் என்றும் அம்மன்றம் கூறிற்று. முன்னுரிமை காட்டுதல் தவறு என்று அத்தீர்ப்பில் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் அவ்வாறு சொன்னதாகவே பலர் முரசறைந்தனர். அரசின் கணக்குகளால் வளர்ந்த வைப்பகத்தின் வரலாறு அவ்வேளை அவர்க்கு நினைவுக்கு வரவில்லை போலும்.

முன்னுரிமையால்தான் ஊழல் பெருகிற்று என்பதும் ஆராயாது சொல்லும் சொல்லே. 2022-இல் தன் அறிக்கைகளை வெளியிட்ட சோண்டோ உசாவல் ஆணையம், அரசுக் கொள்முதலே கொள்ளையின் நடுக்களமாய் இருந்ததைக் காட்டிற்று. அவ்வாணையம் ஆராய்ந்த பெரும் பேரங்களுள் ஒன்று, திரான்சுநெட் என்னும் அரசு நிறுவனம் 2014-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட 1,064 தொடர்வண்டி இழுபொறிகள். 3,860 கோடி இரேண்டு என்று மதிப்பிட்ட செலவு 5,450 கோடியாய் ஏறிற்று. அவற்றை விற்க வந்தோர் முன்னுரிமை மதிப்பெண்ணை நம்பி வந்த சிற்றூர்த் தச்சரோ கொத்தரோ அல்லர், கடல்கடந்த பெருநிறுவனங்கள்.

இதைச் சொல்லி, முன்னுரிமையின் பேரால் நடக்கும் பித்தலாட்டத்தை மூடிமறைத்தலும் அறமாகாது. இந்நாட்டு வழக்கில் 'பினாமி' எனப்படும் இழிதொழில் அந்நாட்டிலும் தழைத்துள்ளது. தோட்டக்காரரையும் தேநீர் தருபவரையும் பங்காளர் என்று தாளில் எழுதிக்கொண்டு, மதிப்பெண்ணைப் பெற்று, ஆதாயத்தை மட்டும் பழைய முதலாளி எடுத்துக்கொள்வது இதன் முறை. பங்காளராகிவிட்ட செய்தியே அவ்வேழைக்குத் தெரியாத நிலையும் உண்டு. இதிலும் பெருங்கதை தொடர்வண்டியைப் பற்றியதே. பயணியர் தொடர்வண்டித் துறை 2013-இல் சுவிபாம்போ என்னும் நிறுவனத்தொடு, ஏறத்தாழ 350 கோடி இரேண்டுக்கு 70 இழுபொறிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. வந்து சேர்ந்தவை 13. அவையும் அந்நாட்டுத் தடத்திற்குப் பொருந்தாத உயரம். பெயர் கறுப்பர் நிறுவனம். பொறி செய்தது அயல்நாட்டு நிறுவனம். இடையில் நின்றது முகமூடி. 2017-இல் உயர்வழக்குமன்றம் அவ்வொப்பந்தத்தைத் தள்ளிற்று. 2018-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. முகமூடித் தொழிலுக்குப் பத்தாண்டு வரை சிறை என்று 2013-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் எழுதிவைத்திருக்கின்றது. எழுத்துக்குக் குறைவில்லை.

கணக்கைக் கேட்டவர்க்கு நேர்ந்ததையும் மறத்தலாகாது. கௌட்டெங்கு மாநில நலத்துறையின் கணக்கு அலுவலர் பபிதா தியோகரண், தெம்பிசா மருத்துவமனையின் ஐயத்திற்குரிய கொடுப்பனவுகளை நிறுத்தும்படி எழுதினார். 2021-இல் தம் வீட்டு வாயிலிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்காக 2023-இல் ஆறு பேர் தண்டிக்கப்பட்டனர். இந்திய வழிவந்த அப்பெண்மணி காத்தது, ஏழை நோயாளிக்கு மருந்தாக வேண்டிய பணத்தை. ஒப்பந்தப்புள்ளியாற் செல்வரானோரை அந்நாட்டு மக்கள் 'தெண்டர்பிரனர்' என்று எள்ளி அழைக்கின்றனர். அச்சொல்லிலுள்ள கசப்புக்குக் கரணியம் இவையே.

சிக்கலின் வேர், உடைமைத்தாளை அளந்து உழைப்பை அளவாது விட்டதில் இருக்கின்றது. ஒரு நிறுவனத்தின் பங்கு யார் பேரில் உள்ளது என்பதற்கு மதிப்பெண் உண்டு. அந்நிறுவனம் ஒரு பொருளையேனும் தன் கையாற் செய்கின்றதா, அன்றி வாங்கி விற்று நடுவில் நிற்கின்றதா என்பதற்கு அத்துணை மதிப்பில்லை. தர்பன் நகரத் தையற்சாலைகளை நோக்குக. இந்திய வழிப் பெண்கள், அவருள் தமிழ்ப் பெண்களும், பன்னெடுங்காலம் அத்தையற்பொறிகளின்முன் அமர்ந்து குடும்பங்களைக் காத்தனர். 1994-க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர, அயல்நாட்டு மலிவுத்துணி வந்து குவிய, சாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பெற்றன. அந்நிலையில் அவர்க்குக் கைகொடுத்தது 2011-ஆம் ஆண்டின் கொள்முதல் விதிமுறைகளில் இருந்த ஒரு சிறு வகை. அரசு வாங்கும் துணி, உடை, தோல், காலணி ஆகியவை முழுதும் உள்நாட்டிற் செய்தனவாய் இருத்தல் வேண்டும் என்று அதன்கீழ் வகுக்கப்பட்டது. காவலர் சீருடையும் மருத்துவமனை விரிப்பும் உள்நாட்டுத் தையற்காரியின் கைக்கு வந்தன. பங்குத்தாளைக் காட்டி இதனை ஏமாற்றுதல் அரிது. துணி எங்கு நெய்து எங்குத் தைக்கப்பட்டது என்பதே கேள்வி.

2022-இன் தீர்ப்புக்குப் பின் எழுதப்பெற்று 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறைகளில் அவ்வுள்நாட்டு வகை இடம்பெறவில்லை. முன்தகுதி போனதற்கு வருந்திய தலைவர் பலர். இது போனதற்கு வருந்தியோர் தொழிற்சங்கத்தாரும் சிறு ஆலையினருமே.

மொழியைப் பற்றியும் ஈண்டு ஒன்று சொல்லல் வேண்டும். 1996-ஆம் ஆண்டின் அரசமைப்பு 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. 2023-இல் சைகைமொழி பன்னிரண்டாவதாயிற்று. மதித்துப் பேணத்தக்க பிற மொழிகளுள் தமிழையும் அவ்வரசமைப்பு பெயர்சொல்லிக் குறித்திருக்கின்றது. இத்துணைப் பெருந்தன்மை காட்டிய நாட்டில் ஒப்பந்தப்புள்ளித் தாள்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. சூலு மொழியில் எண்ணிச் சூலு மொழியிற் கணக்கிடும் கொத்தனார் ஒருவர், பக்கம் பக்கமாய் நீளும் அத்தாள்களை நிரப்ப ஓர் இடைத்தரகரை நாடுகின்றார். நாடிய அளவிலேயே அவர் ஆதாயத்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகின்றது. முகமூடிக்காரனுக்கு முதற்கதவு திறப்பதும் இவ்விடத்தேதான். இரண்டு மூன்று மொழிகளில் எளிய தாள் ஒன்று அச்சிட அரசுக்கு என்ன செலவாகிவிடும்?

2024-ஆம் ஆண்டின் சட்டம் இவற்றிற் சிலவற்றை மீட்க முனைகின்றது. குறித்த பிரிவினர்க்கெனத் தனியே ஒதுக்கிவைத்தல், துணையொப்பந்தம், உள்நாட்டு ஆக்கம் ஆகிய மூன்றும் அதன்கண் உள்ளன. பதவியில் இருப்போரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் போட்டியினின்று விலக்கப்படுகின்றனர். முறையீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்கும் பொறுப்பைக் குடியரசுத் தலைவர்க்கே அச்சட்டம் விட்டுள்ளது. அளவும் எண்ணும் அதன்கீழ் எழுதும் விதிமுறைகளுக்குரியன. அவற்றை எழுதுவோர், ஒப்பந்தம் பெற்றவர் பெயரையும் விலையையும் மதிப்பெண்ணையும் வெளியிடுவதோடு நின்றுவிடாது, பொருள் செய்யப்பட்ட ஊரையும், அங்குக் கூலி பெற்றோர் தொகையையும் சேர்த்து வெளியிடும்படி வகை செய்தல் வேண்டும். மருத்துவமனை விரிப்புத் தர்பனில் தைக்கப்பட்டதா, கப்பலில் வந்திறங்கி மேற்சீட்டு மட்டும் மாற்றி ஒட்டப்பட்டதா என்பதை அவ்வொரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.